மாற்றம் இல்லையென்றால் பேசாதே

எனக்குப் பயம் கூடவே பிறந்தது. நாய் குரைத்தால் பயம், வினாத்தாள் கைக்கு வரும்வரை பயம், வந்த பிறகு வேறு பயம். கணினி அறிவியல் படிக்கப் போன பிறகுதான் இந்தப் பயத்துக்குக் கொஞ்சம் மரியாதை கிடைத்தது. எங்கே என்ன தப்பு நடக்கும் என்று முன்கூட்டியே நடுங்குகிறவர்கள்தான் நல்ல நிரல் எழுதுவார்கள் என்று எங்கள் பேராசிரியர் ஒருநாள் சொன்னார். நான் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஆனால் பயப்பட்டே தீரவேண்டிய ஓர் இடத்தில் பயப்படாமல் விட்டுவிட்டேன். அதைத்தான் எழுதுகிறேன்.

அம்மா மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்கிறாள். அப்பா நான் பத்தாவது படிக்கும்போதே போய்விட்டார். அம்மா உப்பு வாரி, தலையில் சுமந்து, அம்பாரத்தில் கொட்டி என்னைப் படிக்கவைத்தாள். புதுச்சேரியில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தபோது, எதைப் பற்றி ஆராய்வது என்று மற்றவர்கள் மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். எனக்கு அந்தக் கஷ்டம் இல்லை. சின்ன வயதிலிருந்து நான் பயந்த வாய்க்கால் ஒன்று கையில் தயாராக இருந்தது.

அம்மாவின் குழு வேலை செய்யும் பாத்திகள் அந்த வாய்க்காலுக்கு அக்கரையில் இருக்கின்றன. குறுக்கே இரண்டு பனைமரத் துண்டுகள், அதுதான் பாலம். இங்கே வானம் வெளுத்துக் கிடக்கும். மேற்கே பிரம்மதேசம் பக்கம் கொட்டித் தீர்த்திருக்கும். அந்தத் தண்ணீர் சத்தமில்லாமல் கழுவெளி ஏரிக்கு வந்து, அங்கிருந்து வாய்க்காலில் இறங்கும். குனிந்து உப்பு வாருகிறவர்களுக்குத் தெரியாது. தெரியும்போது பனைமரங்கள் முழுகியிருக்கும்.

அதனால் வாய்க்கால் வளைவில் ஒரு கம்பம் நட்டு, அதில் ஒரு பெட்டி பொருத்தினேன். பெட்டியின் அடியில் ஒரு கண் உண்டு. அது கீழே பார்த்துத் தண்ணீர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அளக்கும். வரப்பில் இன்னொரு பெட்டி, கொட்டகையில் மூன்றாவது. மூன்றும் வானொலி அலையில் ஒன்றோடொன்று பேசும். கொட்டகைப் பெட்டி அந்த அளவுகளை இணையம் வழியாக என் கல்லூரித் திரைக்கும் அனுப்பும். கொட்டகைக் கூரையில் ஒரு விளக்கு. தண்ணீர் ஏறினால் சிவப்பு, கூடவே மணி அடிக்கும். இல்லாவிட்டால் பச்சை.

சிக்கல் பேட்டரியில் இருந்தது. பெட்டி ஓயாமல் பேசினால் நான்கு நாளில் தீர்ந்துவிடும். இங்கேதான் என் ஆராய்ச்சி தொடங்கியது. தகவல் கோட்பாட்டில் ஒரு கணக்கு இருக்கிறது: எதிர்பார்த்த செய்தியில் தகவல் எதுவும் இல்லை. எவ்வளவு ஆச்சரியமோ அவ்வளவு தகவல். அம்மா தினமும் போன் செய்து "சாப்ட்டியா" என்பாள், நான் "சாப்ட்டேன்" என்பேன். இந்தக் கணக்குப்படி அந்த உரையாடலின் மதிப்பு ஏறக்குறைய சுழியம். இதை அம்மாவிடம் விளக்கினேன். "அப்டின்னா நாளைலேர்ந்து கேக்கல போ" என்று கோபித்துக்கொண்டாள். மறுநாளும் கேட்டாள்.

ஆக, பெட்டிக்கு ஒரே விதி வைத்தேன். மாற்றம் இல்லையென்றால் பேசாதே. பெட்டி பேசாவிட்டால் தண்ணீர் முன்பு இருந்த இடத்திலேயே இருக்கிறது என்று கொட்டகைப் பெட்டி எடுத்துக்கொள்ளும், விளக்கு பச்சையில் நிற்கும். இன்னொரு விதியும் சேர்த்தேன். கொக்கோ காக்கையோ கண்ணின் குறுக்கே வந்தால் தண்ணீர் திடீரென்று நாலடி ஏறியதுபோல் அளவு காட்டியது. ஒரே நிமிடத்தில் தண்ணீர் அப்படி ஏறாது. எனவே நம்பமுடியாத அளவு வந்தால் தூக்கிப் போடு, அனுப்பாதே என்று எழுதினேன். பேட்டரி மாதக்கணக்கில் நின்றது. பேராசிரியர் என் வரைபடங்களை மற்ற மாணவர்களுக்குக் காட்டினார். மௌனத்தையே செய்தியாக்கிவிட்டாய் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அளத்தில் முதலில் சிரித்தார்கள். பிறகு பழகிவிட்டார்கள். முன்பு மேஸ்திரி மணிக்கொருதரம் வாய்க்கால் கரைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவார். விளக்கு வந்த பிறகு போவதில்லை. பெண்கள் வாருபலகையை நிறுத்தி இடுப்பை நிமிர்த்தும்போது ஒருமுறை கொட்டகையைப் பார்ப்பார்கள். பச்சை. மறுபடி குனிவார்கள். என்னைக் கண்டால் "லைட்டுக்காரப் பொண்ணு வருது" என்பார்கள். அந்தப் பேர் எனக்குப் பிடித்திருந்தது. பிடித்திருந்தது என்பதை இப்போது எழுதவே கூசுகிறது.

அது புரட்டாசி கடைசி. பருவமழைக்கு முன் கடைசி உப்பை வாரி மேடேற்றும் நாட்கள். நான் கல்லூரி ஆய்வகத்தில் மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு, திரையில் வாய்க்காலின் கோட்டைப் பார்த்தேன். நேராக இருந்தது. ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல், பத்தரை மணியிலிருந்து ஒன்றரை வரை ஒரு சிறு நெளிவுகூட இல்லை. என் நிரல் எவ்வளவு சிக்கனமாகப் பேசுகிறது என்று ஒரு கணம் பெருமைகூடப் பட்டேன்.

பிறகுதான் உறைத்தது. அந்த வாய்க்கால் கடலோடு சேர்ந்தது. கடல் ஏறினால் ஏறும், இறங்கினால் இறங்கும். மூன்று மணி நேரம் அது ஒரே மட்டத்தில் நிற்கவே முடியாது. பெட்டி "மாற்றம் இல்லை" என்று சொல்லிக்கொண்டிருக்கவில்லை. பெட்டி எதுவுமே சொல்லவில்லை. அந்த இரண்டுக்கும் என் நிரலில் வித்தியாசம் கிடையாது.

அம்மாவைக் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அடிக்கத்தான் செய்யும். உப்புத் தண்ணீர் பட்டால் போன் போய்விடும் என்று எல்லாரும் போனை பிளாஸ்டிக் கவரில் கட்டிக் கொட்டகையில் மாட்டிவிடுவார்கள். மேஸ்திரியின் போன் அணைந்திருந்தது. ஏழு தடவை, எட்டு தடவை கூப்பிட்டேன். பையை எடுத்தேனா, கதவைச் சாத்தினேனா, எதுவும் நினைவில்லை. பேருந்து நிலையத்தில் மரக்காணம் வண்டி கிளம்பிக்கொண்டிருந்தது, ஓடி ஏறினேன்.

கோட்டக்குப்பம் தாண்டுவதற்குள் கண்டக்டர் ஓட்டுநரிடம் பேசியது காதில் விழுந்தது.

"மேக்கால நைட்லேர்ந்து செம்ம மழையாம்பா. ஏரிலாம் ரொம்பிட்டுதாம்."

ஜன்னலுக்கு வெளியே வெயில் அடித்துக்கொண்டிருந்தது. மேற்கே மட்டும் வானம் கறுத்திருந்தது. அந்த வெயில்தான் என்னை அதிகமாகப் பயமுறுத்தியது. மழை கொட்டியிருந்தால் அவர்களே மேடேறியிருப்பார்கள். இந்த வெயிலில் குனிந்துதான் இருப்பார்கள்; நிமிர்ந்தால் கொட்டகையைப் பார்ப்பார்கள்; அங்கே பச்சை எரியும். நான் எழுதிய விளக்கு அவர்களைப் பார்த்து, ஒன்றுமில்லை, வேலையைப் பாருங்கள் என்று சொல்லும்.

போனில் என் நிரலைத் திறந்து படித்தேன். பயத்தில் எழுத்துகள் ஓடின. நம்பமுடியாத அளவு வந்தால் தூக்கிப் போடு. அந்த வரியை எழுதிய நாள்கூட நினைவுக்கு வந்தது. தேநீர் குடித்துக்கொண்டே எழுதினேன். ஆச்சரியமான செய்தியில்தான் தகவல் அதிகம் என்று நூறு பக்கம் எழுதியவள், ஆச்சரியமாக எது வந்தாலும் குப்பையில் போடும்படி நிரலுக்குச் சொல்லிவைத்திருந்தேன். அனுமந்தையில் யாரோ மீன் கூடையோடு ஏற நேரம் எடுத்தார்கள். அந்த அம்மாவைத் தள்ளிவிட்டு நானே வண்டியை ஓட்டலாமா என்றிருந்தது. பக்கத்தில் இருந்தவர், "இன்னாம்மா, உடம்பு சரியில்லையா?" என்றார். பதில் சொன்னால் அழுதுவிடுவேன் என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

இறங்கி ஆட்டோ பிடித்து அளத்துக்குப் போனேன். தூரத்திலிருந்தே தெரிந்துவிட்டது. பாத்தி, வரப்பு, வாய்க்கால் என்று எதுவும் தனியாக இல்லை. ஒரே தண்ணீர், மண் நிறத்தில், மேலே வெயில் பளபளத்தது. கொட்டகை இருந்த மேட்டில் பெண்கள் நனைந்த சேலையோடு நின்றிருந்தார்கள். எண்ணினேன். பதினொன்று. மறுபடி எண்ணினேன். மறுபடியும் பதினொன்று. அம்மாவோடு சேர்த்தால் பன்னிரண்டு வரவேண்டும். கூரையில் பச்சை விளக்கு ஒழுங்காக எரிந்துகொண்டிருந்தது.

"எங்கம்மா எங்க?"

அம்மாவோடு எப்போதும் ஒன்றாக வேலை செய்யும் அக்கா ஒருத்தி என் கையைப் பிடித்தாள்.

"நாங்க எல்லாம் கயித்தப் புடிச்சிகினு வந்துட்டோம் பாப்பா. உங்கம்மாதான் பாதிலேயே திரும்பிட்டா. பொண்ணு பெட்டி முழுகிடும், எடுத்தாந்துடறேன்னு போனா. கத்துனோம். கேக்கல."

பூமி காலுக்குக் கீழே இல்லை என்று சொல்வார்கள். எனக்கு அப்படி இல்லை. கால் இரண்டும் சேற்றில் நட்டதுபோல் நின்றுவிட்டது. ஓட வேண்டும் என்று தெரிந்தது, ஓடவில்லை. அந்தப் பெட்டியை நான்கே மணி நேரத்தில் புதிதாகச் செய்துவிடுவேன். அம்மாவுக்கு அது தெரியாது. நான் சொன்னதே இல்லை.

லாரிக்கு மூட்டை ஏற்றும் ஆட்கள் நான்கு பேர் ஏற்கெனவே இடுப்பில் கயிறு கட்டித் தண்ணீரில் இறங்கியிருந்தார்கள். மேஸ்திரி கரையிலிருந்து கயிற்றை விட்டுக்கொண்டே கையை நீட்டிக் காட்டினார்.

"அதோ, வெள்ளையா தெரியுது பாரு. அது பெட்டிக்குக் கட்டுன சாக்கு. அங்கதான் இருக்கணும்."

"சாக்கா? எதுக்கு சாக்கு?"

"காலைல மேக்க மேகம் கட்டுச்சில்ல. எல்லாத்தையும் மூடுனோம். உங்கம்மா உன் பெட்டிய மூடிட்டு வந்தாங்க."

அளத்தில் அது பழக்கம். மேகம் கட்டியதும் ஒருவர் குரல் கொடுப்பார். உடனே அவரவர் கைக்கு எட்டியதை மூடுவார்கள். உப்பு அம்பாரம், தண்ணீர் இறைக்கும் மோட்டார், சோற்றுப் பை என்று திறந்து கிடக்கும் எதுவும் தப்பாது. யாருடையது என்று யாரும் கேட்பதில்லை. பிறகு வந்து நன்றி சொல்வதும் இல்லை. நான் குழந்தையாக இருந்தபோது என்னையே அப்படித் தார்ப்பாயில் சுற்றி வைத்திருக்கிறார்கள். இதெல்லாம் தெரிந்த நான், அந்தப் பெட்டியை மழை புகாதபடி செய்திருப்பதைச் சொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை. அம்மா உரச்சாக்கை எடுத்துப் பெட்டியைத் தலை முதல் கால்வரை சுற்றி, அவிழாதபடி முடிச்சும் போட்டிருக்கிறாள். கண்ணுக்கு முன்னால் ஒரு சாண் தூரத்தில் சாக்கு. பெட்டி அளந்திருக்கும். நம்பமுடியாத அளவு என்று தூக்கிப் போட்டிருக்கும். வாயை மூடியிருக்கும். அதன் பிறகு அக்கரையில் பன்னிரண்டு பேரும் மூன்று மணி நேரம் நிம்மதியாக உப்பு வாரியிருக்கிறார்கள்.

நான் அந்த வெள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது அசையவில்லை. வெறும் சாக்காக இருந்தால், கம்பத்தில் கட்டிய சாக்கு மட்டுமாக இருந்தால், என்று ஒரு நினைப்பு வந்தது. அதை முடிக்கப் பயந்தேன். பிறகு அந்த வெள்ளை இடது பக்கமாகக் கொஞ்சம் நகர்ந்தது. கம்பம் நகராது. சாக்கும் பெட்டியும் அம்மாவின் தலையில் இருந்தன. கழுத்தளவு தண்ணீரில் ஒரு கையால் கம்பத்தைக் கட்டிப் பிடித்து, இன்னொரு கையால் உப்புக் கூடையைப் பிடிப்பதுபோல் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

அவளைக் கரை சேர்க்க அரைமணி ஆனது. உதடு நீலம் பாரித்திருந்தது, பாதம் இரண்டிலும் சிப்பி கிழித்த காயம். நான் அவள்மேல் விழுந்து அழுதேன். அவள் நடுங்கிக்கொண்டே என் தலையைத் தடவினாள்.

"பெட்டி நனையல. பாரு."

உயிர் வந்த பிறகு எல்லாருக்கும் கோபம் வந்தது. மேஸ்திரிதான் ஆரம்பித்தார்.

"ஏம்மா, அறிவு இருக்குதா உனக்கு? மெசினுக்குக் கண்ண கட்டிட்டா அது எப்பிடிம்மா பாக்கும்? இத்தினி பேரும் போயிருப்பாங்க."

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். "தப்புதாங்க. நனைஞ்சிடுமேன்னு கட்டிட்டேன்." பிறகு என்னைப் பார்த்தாள். "உன் மெசின நான்தான் கெடுத்துட்டேன்டி."

அந்த நேரத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். கண்ணைக் கட்டினால் மெசின் அலற வேண்டும், பேச்சு நின்றால் விளக்கு சிவப்பாக வேண்டும், அப்படி எழுதாதது நான்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். பதினொரு பேரின் முகத்தைப் பார்த்தேன். பயந்தேன். பேசாமல் இருந்தேன்.

இரவு பேராசிரியருக்குப் போனில் நடந்ததைச் சொன்னேன். அம்மா நலமா என்று இரண்டு முறை கேட்டார். பிறகு, பழக்கதோஷம்தான், "அந்தத் தரவ அழிச்சிடாதம்மா, நல்ல அத்தியாயமா வரும்" என்றார். சரி சார் என்றேன்.

மறுநாள் அம்மாவின் பாதத்துக்கு மருந்து போடும்போது சொல்லிவிட்டேன்.

"அம்மா, தப்பு உன் மேல இல்ல. பெட்டி பேசலன்னா பச்சைன்னு நான்தான் எழுதி வச்சேன். நீ மூடாம வேற எதுனா ஆயி அது நின்னிருந்தாலும் பச்சைதான் எரிஞ்சிருக்கும்."

அவளுக்குப் புரிய நேரம் எடுக்கும் என்று நினைத்தேன். நேரமே எடுக்கவில்லை. காலை இழுத்துக்கொண்டாள்.

"இத வேற யார்கிட்டனா சொன்னியா?"

"இல்ல."

"சொல்லாத. என்னாலதான்னு இருந்துட்டுப் போவட்டும். நான் கேட்டுக்கறேன், எனக்கு இன்னா. உன்மேல நம்பிக்கை போச்சின்னா திரும்ப வருமா?"

எனக்குத் தண்ணீரைப் பார்த்தபோது வந்ததைவிட அப்போதுதான் பெரிய பயம் வந்தது. நம்பிக்கை அப்படியே இருந்தது. அம்மா பழியை ஏற்றுக்கொண்டதால் விளக்கின்மேல் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. சாக்கை எடுத்துவிட்டால் போதும், மெசின் சரியாகிவிடும் என்று எல்லாரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரி இரண்டு தடவை போன் செய்து பெட்டியை எப்போது மாட்டுவாய் என்று கேட்டார்.

நான்காம் நாள் தண்ணீர் வடிந்தது. அக்கரையில் கரையாமல் மிஞ்சிய உப்பை மூட்டை பிடிக்க எல்லாரும் கொட்டகையில் கூடியிருந்தார்கள். அம்மாவும் காலில் துணியைச் சுற்றிக்கொண்டு வந்திருந்தாள். மேற்கே மறுபடி மேகம் இருந்தது. விளக்கு பச்சையாக எரிந்தது. கம்பத்தில் பெட்டியே இல்லை, அப்போதும் எரிந்தது. அம்மா என்னைப் பார்த்து வேண்டாம் என்று கண்ணால் சொன்னாள்.

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார்கள் என்று காத்திருந்தேன், யாரும் திட்டவில்லை. என் கையைப் பிடித்த அந்த அக்காதான் கேட்டாள், கோபமில்லாமல், தெரிந்துகொள்ள மட்டும்.

"அப்பன்னா அன்னிக்கு உங்கம்மா செத்துப் போயிருந்தா, நீ வந்து பாக்கும்போது இந்த லைட்டு இன்னா கலர்ல இருந்திருக்கும்?"

"பச்சை" என்றேன்.

அம்மா எழுந்தாள். நொண்டிக்கொண்டே போய் விளக்கின் சுவிட்சை அணைத்தாள். மேஸ்திரி கூரையைப் பார்த்துவிட்டு, "சரி, எறங்குங்க" என்றார். பெண்கள் ஒவ்வொருவராகப் பனைமரத்தைக் கடந்து அக்கரைக்குப் போனார்கள்.

நான் கம்பத்தடியில் போய் நின்றேன். அன்று முழுவதும் தண்ணீரைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. தண்ணீர் கடலோடு சேர்ந்து வழக்கம்போல் கொஞ்சம் ஏறியது, இறங்கியது, சொல்வதற்கு ஒன்றுமே இல்லை. ஆனாலும் அம்மா இடுப்பை நிமிர்த்தி என் பக்கம் திரும்பிய ஒவ்வொரு முறையும் கையை உயர்த்திக் காட்டினேன். அவள் பார்த்துவிட்டுக் குனிந்தாள்.